சாயக்காரர் அனுப்பிய நூல்

1979 நவம்பர் 13, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. இடது தோள் நனைந்தபடியே ஆஸ்பத்திரி. தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிறவர்கள் ஒருவரும் இல்லை. மழை வந்தால் ஆரணிக்கே லீவு, எங்களுக்கு மட்டும் இரண்டு பங்கு கூட்டம்.

காலையில் கர்ப்பிணிகள் வரிசை. சேவூர்ப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். போன வாரம் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டதிலிருந்து வெளிக்குக் கறுப்பாகப் போகிறதாம். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயம். "இரும்பு சாப்பிட்டா அப்படித்தாம்மா. மந்தமா, பளபளப்பில்லாம கறுப்பா போகும். ஒண்ணும் இல்லை" என்றேன். பக்கத்திலிருந்த மாமியார், "பாத்தியா, நான் சொல்லல?" அந்த அம்மாள் சொன்னது வேறு ஏதோ என்று மருமகள் முகத்திலேயே தெரிந்தது.

ஆண்கள் வார்டு நிரம்பி இரண்டு பேர் தரையில். அந்த நெருக்கடியில் ஒரு புது ஆள். ஏகாம்பரம். பட்டுக்குச் சாயம் போடுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வயிற்று வலி, தலைசுற்றல். கூட மனைவி வள்ளியம்மா, வள்ளியம்மாவின் தம்பி கோபால். கோபால் தறி நெய்கிறவர், வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்க்கிறார். டாக்டர் வெள்ளை மருந்து எழுதினார். இரண்டு நாள் படுக்கட்டும், பார்ப்போம் என்றார்.

கட்டிலில் சேர்த்து வயிற்றைப் பார்த்தேன். பார், கேள், தட்டு, தொடு. இந்த வரிசையைத் தப்பினால் பயிற்சிப் பள்ளியில் ஸ்கேலால் அடி விழும். முதலிலேயே அமுக்கினால் குடல் பயந்து பேச்சை மாற்றிவிடும் என்பார் எங்கள் டீச்சர்.

பார்த்தது: உப்பல் இல்லை. தொப்புளுக்கு மேல் பழைய சூட்டுத் தழும்பு மூன்று. சின்ன வயதில் வயிற்று வலிக்கு யாரோ போட்டது. பாவம்.
கேட்டது: ஸ்டெதஸ்கோப் குழாய் வைத்த இடமெல்லாம் கடகடவென்று ஒரே இரைச்சல். சாப்பிடாதவர் வயிற்றில் இவ்வளவு சத்தமா?
தட்டியது: விசேஷமில்லை.
தொட்டது: நெஞ்செலும்புக்குக் கீழே கை வைத்ததும் முகம் சுளித்தார், வாய் மட்டும் "வலி இல்லீங்க" என்றது.

ரத்தம் இருக்கிறதா என்று நகம் பார்க்கலாம் என்றால், கை முழங்கை வரை கறுப்புச் சாயம். உள்ளங்கை, நகம் எல்லாம் தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி. நாக்கைப் பார்க்கலாம் என்றால் வெற்றிலை. கடைசியில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுப்பு. டாக்டரிடம் சொன்னேன். "ஊர்ல பாதிப் பேருக்கு அப்படித்தான் சிஸ்டர். நாளைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

பிறகு நம் கேள்விகள்.
பசி? "இருக்குதுங்க."
வாந்தி? "இல்லீங்க." (பின்னால் வள்ளியம்மா 'உண்டு' என்று தலையாட்டுகிறாள்.)
வெளிக்கு? "நல்லா போவுதுங்க."
என்ன நிறம்? கூரையைப் பார்க்கிறார். கூரையில் ஒன்றும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் அறையிலும் ஒழுகல். வாளி வைத்தேன். தலைவலி. ஒரு மருந்துப் பொட்டலம் போட்டுக்கொண்டு டீ. படுக்கை.

நவம்பர் 14, புதன்

மழை விடவில்லை. வார்டுக்குள் நுழைந்தால் ஏகாம்பரம் கட்டில் காலி. ஆயம்மா முனியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆத்தங்கரைக்குப் போயிகினாரு. பெட்பேன் வெச்சேன். 'அதுல குழம்பு ஊத்தி எடுத்துகினு வா'ன்றாரு. நான் இன்னா செய்ய?"

கொட்டும் மழையில் திரும்பி வந்தார். வாயில் அணைந்த பீடி. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாடி பிடித்தேன், ஓட்டமாய் ஓடுகிறது. இரண்டு பேர் தாங்கிக் கட்டிலுக்குக் கொண்டுவந்தோம். எனக்கு ஆத்திரம். எங்கே போனார் என்பதல்ல, போனது என்ன நிறம் என்று யாருக்குமே தெரியாது என்பதுதான். ஆறும் மழையும் கொண்டு போய்விட்டன.

"வெளிக்குப் போறத ஒரு பொம்பளகிட்ட சொல்றதா நர்சம்மா? வேற எதுனா கேளுங்க."

"எனக்கு அதைத் தவிர வேற ஒண்ணும் வேண்டாம்" என்றேன். குரல் ஏறிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

பீடிக்காக இடுப்புச் சுருக்குப்பையைத் துழாவினார். பீடியோடு ஒரு நூல் கொத்தும் வந்து விழுந்தது. 'இந்தக் கலர் வேண்டும்' என்று வியாபாரிகள் கொடுத்துவிடும் மாதிரி நூல்கள், பட்டு. அரக்கு, மாம்பழம், மயில் கழுத்து, கிளிப்பச்சை, காவி, கறுப்பில் இரண்டு. எனக்கு எப்படித் தோன்றியதோ, கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தேன். "வாயால சொல்ல வேணாம். இதுல எதுன்னு காட்டுங்க, போதும்."

மனுஷன் மாறிப்போனார். எழுந்து உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி ஒவ்வொரு நூலாகப் பிரித்தார். காவியைத் தொட்டு, "முன்னெல்லாம் இது." அப்புறம் கறுப்பு இரண்டையும் விரலில் சுற்றிக் காட்டினார். "இது பசை எடுக்காத பட்டு, நர்சம்மா. வேகவெச்சுப் பசை எடுக்காம சாயம் போட்டா இப்படித்தான் சொரசொரன்னு, மந்தமா கீது. இது வேகவெச்சது. பாருங்க, எப்படி மினுங்குது." மினுங்குகிறதைத் தனியே பிரித்து என்னிடம் நீட்டினார். "இதான். இதைவிட இன்னும் தார் மாதிரி. ஒட்டிக்கும்."

"எத்தனை நாளா?"

"சீமந்தப் புடவைக்குக் கறுப்பு ஆர்டர் வந்ததுல இருந்து. தினம் கறுப்புதான் ஏத்திகினு கீறேன். சளி துப்புனா கறுப்பு, மூக்கு சிந்துனா கறுப்பு. இது மட்டும் இன்னா தங்கமாவா வரும்?"

வள்ளியம்மாவும், "அரக்கு ஏத்துனா எச்சிலே அரக்காத்தான் இருக்கும். எங்க தொழில்ல சகஜங்க" என்றாள். அவ்வளவு நிம்மதியாகச் சொன்னாள்.

தார் மாதிரி மினுங்குகிற கறுப்பு சாயமில்லை. இரைப்பைப் பக்கம் எங்கோ புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது. குடல் வழியாக இறங்கி வருவதற்குள் கறுத்துவிடுகிறது. இத்தனை நாளாக இந்த மனுஷன் தன் ரத்தத்தை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு, சாயம் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

"வேற எதாவது சாப்பிடறீங்களா? மாத்திரை, மருந்து?"

"சாயத் தொட்டி ஆவில தலை இடிக்கும். பொட்டிக் கடைல தலைவலிப் பொட்டலம் வாங்கிப் போட்டுகினு டீ குடிப்பேன். வெறும் வயித்துலதான் நல்லா கேக்குது."

வெறும் வயிற்றில் தினம் அந்தப் பொட்டலம் போட்டால் புண் வராமல் என்ன செய்யும்.

ஓடினேன். டாக்டர் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், இமையைப் பார்த்தார், கையுறை போட்டுப் பார்த்தார். கையுறையில் அதே கறுப்பு. "உடனே வேலூர். இங்க ரத்தம் ஏத்த வசதி இல்லை. ராத்திரி வரைக்கும் வெச்சுக்க முடியாது" என்றார். கையில் சலைன் ஏற்றினோம். வேன் கிடைத்தது.

வேனில் ஏற்றும்போது கோபால் டிரைவர் பக்கத்தில் ஏறிவிட்டார். வள்ளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி தறிக்காக வந்து வந்து போவான். அவன்கிட்ட எப்படிங்க இதெல்லாம் சொல்லி அனுப்பறது? வெக்கமா கீது."

ஏகாம்பரம் படுத்தபடியே நூல் கொத்தைத் தூக்கிக் காட்டினார். "நூலு அனுப்பறேன் நர்சம்மா. அன்னன்னிக்கு இன்னா கலரோ, அது."

"சரி. அப்புறம், புண் ஆறினா ரத்தம் ஊற இரும்பு மாத்திரை கொடுப்பாங்க. அப்பவும் கறுப்பாத்தான் போகும். பயந்துடாதீங்க. அது இந்த மந்தக் கறுப்பு" என்று பசை எடுக்காத நூலைத் தொட்டுக் காட்டினேன். கவனமாகப் பார்த்துக்கொண்டார். சாயம் விஷயத்தில் அவருக்கு ஒரு தடவை சொன்னால் போதும் போல.

பிழைக்க வேண்டும்.

நவம்பர் 15, வியாழன்

மழை சற்று விட்டது. குடைக்காரர் வரவில்லை. ஏகாம்பரத்தின் கட்டிலில் வேறு ஆள், சாதாரண பேதி. கேட்காமலேயே நிறம், தடவை, நாற்றம் எல்லாம் சொல்கிறார். நேற்று முழுக்க வார்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வேலூர்ச் சேதி இல்லை.

நவம்பர் 16, வெள்ளி

மத்தியானம் கோபால். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம். "அக்கா குடுக்கச் சொல்லிச்சு." உள்ளே விரல் நீளம் கறுப்பு நூல். மினுங்குகிறது.

எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் ஜன்னலுக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தேன்.

கோபால் தயங்கி நின்றார். "நர்சம்மா, தப்பா நெனைக்காதீங்க. புடவை எடுக்கறீங்களா? கறுப்புன்னா... யாருக்குங்க சீமந்தம்?"

கல்யாணமே ஆகாத என்னிடம். "என் தங்கச்சிக்கு" என்றேன். எனக்குத் தங்கை கிடையாது.

"அப்போ நானே நெய்யறேன். அரக்குக் கரை போட்டா எடுப்பா இருக்கும்." ஆள் நல்லவர். அப்புறம் உண்மையான கவலை வந்தது. வேலூரில் ரத்தம் கேட்கிறார்களாம், அவருடைய வகை சேருகிறதாம். "ரத்தம் குடுத்தா அப்பால தறி மிதிக்க காலுக்குப் பெலம் இருக்காதுன்றாங்க. மெய்யா?"

உட்காரவைத்துச் சொன்னேன். எடுக்கிறது கொஞ்சம், உடம்பு திரும்ப ஊறவைத்துக்கொள்ளும், அன்று ஒரு நாள் இளைப்பாறினால் போதும் என்று. நம்பின மாதிரி இல்லை. "உங்க மாமா எழுந்து நடக்கவே வேணாமா?" என்று கேட்டுவிட்டேன். கடுமையாகக் கேட்டுவிட்டேனோ. எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 18, ஞாயிறு

கோபால் வந்தார். கை மடிப்பில் பிளாஸ்திரி. அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். "குடுத்துட்டேங்க. ஒண்ணும் ஆவல. பிஸ்கட்டு குடுத்தாங்க."

காகிதத்தில் மறுபடி மினுங்கும் கறுப்பு.

நாளைக்கு ஆபரேஷனாம். ஏற்றுகிற ரத்தம் நிற்கவில்லை, திறந்து புண்ணைத் தைத்தால்தான் உண்டு என்கிறார்களாம். வள்ளியம்மா சாப்பிடுவதில்லை என்றார். "அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

சாயங்காலம் அவர்கள் தெரு வழியாக வீட்டுக்கு. சுற்றுவழிதான். சாயப் பட்டறை பூட்டியிருந்தது. கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். கறுப்புப் பட்டு நூல் சிட்டங்கள் ஈரம் காயாமல் மூங்கிலில் வரிசையாகத் தொங்கின. தொட்டிக்கு அடியில் சாம்பல். ஒரு டீ டம்ளர், பக்கத்தில் கசக்கிய பொட்டலக் காகிதங்கள். அந்தக் காகிதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் மேஜை டிராயரிலும் அதேதான்.

அம்மன் கோயிலில் விளக்கு. வேண்டிக்கொள்ளும்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. "காவி" என்று கேட்டேன். அம்மனுக்குப் புரிந்திருக்கும்.

நவம்பர் 20, செவ்வாய்

டாக்டர் போன் போட்டுக் கேட்டார். ஆபரேஷன் முடிந்தது. சின்னக்குடல் ஆரம்பத்தில் புண், அடியில் ரத்தக் குழாய் திறந்திருந்ததாம். தைத்தாகிவிட்டது. "இன்னும் ஒரு நாள் போயிருந்தா அவ்வளவுதான். நல்லவேளை சிஸ்டர், விடாம கேட்டீங்க." சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். முனியம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "இன்னா விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

இனிமேல் நூல் வராது, கொஞ்ச நாளைக்கு. வயிற்றைத் திறந்தால் குடல் தூங்கிப்போகும். எழுந்திருக்கிற வரை தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். முதலில் காற்று பிரிய வேண்டும். அதற்காக வார்டே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உலகத்தில் அந்தச் சத்தத்துக்குச் சந்தோஷப்படுகிற ஒரே இடம் எங்கள் இடம்தான்.

குடை சரியாகிவிட்டது. மழை நின்றுவிட்டது.

நவம்பர் 23, வெள்ளி

கோபால் வெறுங்கையோடு. "அக்கா ஒண்ணும் குடுக்கலீங்க. தங்கச்சி வூட்ல வேணாம்னுட்டாங்களா?"

"மாமா எப்படி இருக்காரு?"

"வயிறு உப்பிகினு கீது. மூக்குல குழாய் உட்டு பச்சை பச்சையா எடுக்கறாங்க. காத்து பிரியலயாம். பெரிய டாக்டரு தெனம் குழாய வெச்சு வெச்சுக் கேக்கறாரு, ஒண்ணும் சொல்லாம போயிடறாரு. பேஜாரா கீதுங்க."

நான்கு நாள். நான்கு நாள் சில பேருக்கு ஆகும். சில பேருக்கு. தையல் விட்டிருந்தால்? உள்ளே சீழ் வைத்திருந்தால்? நான் இங்கே இருந்துகொண்டு என்ன செய்ய. என் கையால் ஒரு தடவை அந்த வயிற்றைக் கேட்க முடிந்தால் போதும் என்றிருக்கிறது. அன்றைக்குக் கடகடவென்று அவ்வளவு பேசிய வயிறு.

மத்தியானம் ஒரு சின்னப் பையனுக்கு வயிறு பார்த்தேன். குழாயில் நல்ல சத்தம். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 25, ஞாயிறு

லீவு. தலைக்கு எண்ணெய். துணி துவைத்தாயிற்று. அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை.

கோபால் வரவில்லை. இரண்டு நாளாக வரவில்லை. அவருடைய தறியும் ஓடவில்லை என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னார். "எதுனா கெட்டதா இருக்குமோ?" என்றும் அவரே. அந்த அம்மாளுக்கு நாக்கில் சனி. ஆனாலும் ரசம் கொண்டுவந்து கொடுத்தார், மிளகு தூக்கலாக.

டிராயரில் இருந்த பொட்டலங்களை எல்லாம் அடுப்பில் போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. தலை இடிக்கிறது. இடிக்கட்டும்.

நவம்பர் 27, செவ்வாய்

வெயில். தெருவெல்லாம் பாவு. சைக்கிள்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போகின்றன.

ஊசி போடுகிற நேரத்தில் கோபால் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம், கண் உள்ளே போயிருக்கிறது. காகிதத்தை நீட்டினார். பிரித்தேன்.

கறுப்பு.

அதற்கு மேல் பார்க்கவில்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றேன். தையலுக்குப் பிறகும் கசிகிறது என்றால் இனிமேல் எந்த டாக்டர் என்ன செய்ய முடியும். அவருக்கு இன்னொரு தடவை திறக்கிற அளவுக்கு உடம்பில் என்ன மிச்சம். ஊசிகளைப் போட்டு முடித்தேன். ஒரு கிழவர், "இன்னிக்கு வலிக்கவே இல்ல நர்சம்மா" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

கட்டில் சீட்டில் எழுதப் பேனாவுக்காகப் பையில் கை விட்டேன். காகிதம் விரிந்திருக்கிறது. நூல் விரலில் பட்டது.

சொரசொர என்று.

ஜன்னலுக்குப் போனேன். வெளிச்சத்தில் பிடித்தேன். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி. மினுங்கவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் மினுங்கவில்லை. பசை எடுக்காத பட்டு. மந்தக் கறுப்பு.

வார்டில் ஓடக்கூடாது என்று தினமும் கத்துகிறவள் நான். ஓடினேன். கோபால் வாசல் டீக்கடையில் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்குக் காத்து பிரிஞ்சுதா?"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. கோபால் வெட்கத்தோடு, "சனிக்கெழம காலைலங்க. வார்டே கேட்டுதுன்னு அக்கா சொல்லிச்சு. அதுலருந்து நான் அங்கயேதான் கெடந்தேன், தூக்கமே இல்ல."

"சாப்பிடறாரா?"

"முந்தாநேத்து கஞ்சி. நேத்து இட்லி."

"மாத்திரை?"

"செகப்பா ஒரு மாத்திரை, ரத்தம் ஊறறதுக்காம். வாயெல்லாம் துரு நாத்தம் அடிக்குதுன்னு திட்டிகினே சாப்புடறாரு." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நர்சம்மா, அந்த நூலு... பசை எடுக்காததுங்க அது. அதுல புடவை நெய்ய முடியாது. நான் சொன்னேன், மாமா கேக்கல. படுத்துகினே கொத்துல தேடித் தேடி அதையேதான் எடுத்தாரு. 'இதைத்தான் குடு, நர்சம்மாவுக்குத் தெரியும்'ன்னாரு."

எனக்கு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. நடுத்தெருவில், யூனிஃபாரத்தில். டீக்கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

கோபால் பதறிப்போய், "அழுவாதீங்க நர்சம்மா. கலரு புடிக்கலன்னா மாத்திக்கலாங்க."

இதே கலர்தான் வேண்டும் என்றேன்.